சிரிக்காமல் சொன்ன தேதி

“இது எந்தச் சிரிப்பு கண்ணு?”

மைக்கை அணைத்துவிட்டு முதலாளி தரணீதரன் கேட்டார். திரையில், டென்மார்க்கிலிருந்து பனியன் வாங்கும் பீட்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மூக்குச் சிரிப்புங்க சார். ரேட்டு ஜாஸ்திங்கறார்.”

விஜயகுமாரி கேமராவில் விழாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவளை ஆர்டர் பைல்களைப் பார்க்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். பீட்டரின் ஆங்கிலம் அந்த ஆபீஸில் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபட்டாலும், அவர் வாயால் ‘இல்லை’ என்று சொல்கிற ஆள் இல்லை, சிரித்துவிடுவார். எந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன மெயில் வந்தது என்று அவள் இரண்டு வருடமாகக் குறித்து வைத்திருந்தாள். பல் தெரியாமல் சிரித்தால் வேறு எங்கோ விலை கேட்டாயிற்று. தோள் குலுங்கினால் ஆர்டர். இதுவரை ஒருமுறைகூடத் தப்பவில்லை.

இந்தக் குழந்தைகள் பனியன் ஆர்டர் கிடைக்காவிட்டால் வேலம்பாளையம் யூனிட்டை மூடுவது என்று முடிவாகியிருந்தது. அங்கே ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் அவள் அம்மா நல்லம்மாளும் ஒருத்தி.

தரணீதரன் விலையைக் கொஞ்சம் இறக்கினார். பீட்டர் தலையாட்டிவிட்டு, சரக்கு எப்போது வரும் என்று கேட்டார்.

விஜயகுமாரி முதலாளியைப் பார்த்தாள். அவர் சிரிப்பையும் அவள் கவனித்திருந்தாள். அதைச் சொல்ல மூன்று நாள் தயங்கி, நேற்றுத்தான் சொன்னாள்.

“தேதி சொல்றப்ப மட்டும் நீங்க ‘ஹெ ஹெ’ன்னு சிரிக்கறீங்க சார். பொய்யுன்னு தெரிஞ்சு போயிருதுங்க.”

“பொய்யில்ல கண்ணு. சாயப்பட்டறைக்காரரு எனக்குச் சொல்ற தேதியத்தான் நான் அவங்களுக்குச் சொல்றேன்.”

நான்கு வருடமாக ஒவ்வொரு சரக்கும் இருபது நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பீட்டர் ஒரு தடவைகூட அபராதம் போட்டதில்லை, உன் செலவில் விமானத்தில் அனுப்பு என்றதும் இல்லை. எல்லாம் தன் முகராசி என்பார் தரணீதரன். இருந்தாலும் இந்தமுறை சிரிக்காமல் தேதி சொல்ல ஒத்துக்கொண்டிருந்தார்.

மைக்கைத் திறந்தார். சாயப்பட்டறைக்காரர் சொன்ன அதே மார்ச் பதினைந்தைச் சொன்னார். சிரிக்கவில்லை. பல்வலிக்காரர் போல வாயை இறுக்கிக்கொண்டார்.

திரையின் இன்னொரு கட்டத்தில் எப்போதும்போல் இங்கா என்ற பெயர் மட்டும் இருந்தது. நான்கு வருடத்தில் அந்த அம்மா கேமராவையும் திறந்ததில்லை, வாயையும் திறந்ததில்லை. குறிப்பெடுக்கிறவராக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

பீட்டரின் தோள் குலுங்கியது.

“வந்துருச்சுங்க சார்,” என்றாள் விஜயகுமாரி, மெதுவாக.

மாலையே மெயில் வந்தது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல, தரணீதரன் டீ குடித்துக்கொண்டே கேட்டார். ஆர்டர் உறுதி. போன வருடத்தைப் போல் இரண்டு மடங்கு. கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது.

‘இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னிக்கவும். தேதி சொல்லும்போது தரணீதரன் சிரிக்கிறாரா என்று கவனிப்பதற்காகத்தான் இங்காவைக் கூட வைத்திருந்தோம். சிரித்தால் இருபது நாள் கூட்டிக் கடைகளுக்குச் சொல்வோம். இன்று அவர் சிரிக்கவில்லை என்று இங்கா உறுதியாகச் சொன்னதால், மார்ச் பதினைந்து என்றே விளம்பரம் அச்சுக்குப் போய்விட்டது.’