நகராத கார்

ஓரசா தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அவள் வண்டிக்குக் குறுக்கே நின்ற சாம்பல் நிறக் கார் அசையவில்லை.

பாங்காக்கின் அந்த அடுக்குமாடியில் இடம் கிடைக்காதவர்கள் அடுத்தவர் வண்டிக்குக் குறுக்கேதான் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டியரிங்கை நேராக்கி, ஹேண்ட் பிரேக் போடாமல், கியரை நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். வெளியே போகிறவர்கள் தள்ளிவிட்டுக் கொள்வார்கள். மூன்று வருஷமாக இந்தக் கார் ஓரசாவின் ஒரு கைக்கே நகர்ந்துவிடும். சொந்தக்காரரை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வாள்.

இன்டர்வியூவுக்குக் கிளம்பும் இன்றைக்கென்று பார்த்து மக்கர் செய்கிறது.

"கொழுப்பப் பாருங்க மாமா! சக்கரமெல்லாம் நேராத்தான் இருக்கு. கியர எடுத்துவிட மட்டும் தொரைக்குக் கை வலிச்சிருச்சாக்கும்!" டயரை ஓர் உதை விட்டாள்.

"திட்டாத பாப்பா," என்றார் காவலாளி சனான். "ராத்திரி டியூட்டி முடிச்சு விடியக்காலையிலதான் வந்தாரு. அசதியில மறந்துட்டுப் போய்த் தூங்கிருப்பாரு. அந்தா, முன்கண்ணாடியில நம்பர் வெச்சிருக்காரே, ஒரு போன் போடு."

"போடுறேன். இன்னிக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறாரு!"

மணி அடித்தது. காருக்குள்ளே.

"போனையும் உள்ளயே விட்டுட்டாரா?" என்றபடி கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் தலை சாய்ந்து கிடந்தார். கண்கள் திறந்தே இருந்தன. இடது கை கியரைப் பிடித்தபடி விறைத்திருந்தது.

நியூட்ரலுக்கு இன்னும் ஓர் இழுப்புதான் பாக்கி.