முப்பதுக்கு மேலே வேண்டாம்

2024 மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை, சங்கரன்கோவில் இராஜபாளையம் சாலையில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் பன்னிரண்டு அடி அகல எல்.இ.டி. திரை பொருத்தப்பட்டது.

“இன்னும் சின்னதாக்குங்க அண்ணே.”

லிங்கேஷ் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். சொன்னவள் கல்யாணப் பெண் ஜெஸ்லின். காலையில் சர்ச்சில் தாலி கட்டி முடிந்திருந்தது, இனி வரவேற்பு. பாதி மேக்கப்போடு, தலை நிறையக் கிளிப்புகளோடு முன்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்கு மேலயா? இப்பவே அறுபதுலதான் இருக்கு தங்கச்சி.”

ஸ்லைடுஷோ மென்பொருளில் படத்தின் அளவுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. நூறு என்று போட்டால் படம் திரையை நிரப்பும். எண்ணைக் குறைக்கக் குறைக்கப் படம் சுருங்கும், சுற்றிலும் கறுப்பு கூடும்.

“நாப்பது வைங்க... ம்ஹூம். முப்பது.”

முப்பது வைத்தான். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் நின்ற ஐந்து வயது ஜெஸ்லின், அவ்வளவு பெரிய திரையின் நடுவில் தலைவாழை இலை நீளத்துக்குச் சுருங்கிப்போனாள்.

ஜெஸ்லின் வலது கையைக் குழல்போல மடித்து ஒரு கண்ணில் வைத்து, மறுகண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“டைரக்டர் வேலையும் நீதான் பாக்கியா?”

“ஆங், இது சரி. எல்லாப் படமும் இதே அளவு. நடுவுலதான் வரணும். சைடுல இருந்து பறந்து வாரது, சுத்திட்டு வாரது, அதெல்லாம் கூடாது.”

“பறக்காம கொள்ளாம இருக்கதுக்கு ஸ்லைடுஷோ எதுக்கும்மா? சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிறலாம்லா?”

அவள் சிரித்தாள். ஆனால் இறங்கி வரவில்லை.

லிங்கேஷ் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய புதுத் திரை. இதுதான் அதற்கு முதல் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா சிவகிரிக்காரர். அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ‘இன்னைக்கு உம்ம திரையைப் பாத்துட்டுச் சொல்லுதேன்’ என்றிருந்தார்.

“உள்ளதச் சொல்லு. சின்ன வயசுப் படத்துல பல்லு தூக்கலா இருக்குன்னுதான?”

“ஆமாண்ணே, பல்லுதான். முப்பதுக்கு மேலே வேண்டாம்” என்று எழுந்து போய்விட்டாள்.

வரவேற்பு தொடங்கியது. மேடையில் மணமக்கள். முன்வரிசை நடுவில் பெண்ணின் அப்பா, ஹார்டுவேர் கடை ஏசுவடியான், மனைவி ஞானபூரணத்தோடு உட்கார்ந்திருந்தார். படம் மாற மாற மனிதர் மைக் இல்லாமலே வர்ணனை செய்தார்.

“இது வாசுதேவநல்லூர்ல எங்க மாமனார் வீடு! இந்தா, முன்பல்லு விழுந்த வருசம்! ஞானம், அந்தக் கவுனு நீ தச்சதுல்லா?”

பின்வரிசைகளில் முணுமுணுப்பு கிளம்பியது.

“என்னவே, திரை ரிப்பேரா?”

“கரண்ட்ட மிச்சம் பிடிக்கான் போல.”

சிவகிரிப் பெரியப்பா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து அதில் மூழ்கிவிட்டார்.

ஏசுவடியானின் தங்கை ஜாய்ஸ், மேடையோரம் இருந்த லேப்டாப் மேஜைக்குப் புயலாக வந்தாள்.

“ஏலே, எங்க அண்ணன் மகளத் தபால் தலையாட்டம் காட்டுத? ஊர்ல காதுகுத்து ஃபிளெக்ஸ்லயே தாய்மாமன் மூஞ்சி பஸ் தண்டிக்கு இருக்கு!”

“பொண்ணுதான் சொல்லிச்சுக்கா.”

“அது கூச்சத்துல சொல்லும். நீ பெருசாக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால எங்களக் கேவலப்படுத்தாத.”

லிங்கேஷ் காத்திருந்ததே இதற்குத்தான். நூறு என்று தட்டினான்.

சிவப்புப் பட்டுப் பாவாடையை விரித்து உட்கார்ந்திருந்த ஜெஸ்லின் திரை கொள்ளாமல் நிறைந்தாள். மண்டபம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். சிவகிரிப் பெரியப்பா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, லிங்கேஷைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

முன்வரிசையில் வர்ணனை நின்றுபோனது. ஏசுவடியான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிவிட்டு மனைவியிடம் கேட்டார்.

“படம் முடிஞ்சிட்டா ஞானம்? என்ன, ஒரே செவப்பா இருக்கு?”

ஜெஸ்லின் மாப்பிள்ளையை மேடையில் விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

“முப்பதுக்குக் கொண்டுவாங்க அண்ணே.”

“கைதட்டுதது காதுல விழலையா? பல்லெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு!”

அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “அப்பாவுக்கு ஓரப் பார்வை போயிட்டுண்ணே, நடுவுல சாவித் துவாரம் அளவுதான் தெரியுது, எனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கடைசி வரிசையில உக்காந்தா உங்க திரை முழுசும் தெரியும், ஆனா பொண்ணப் பெத்தவர அங்கன கொண்டுபோய் உக்கார வைக்க முடியுமா?”

லிங்கேஷ் முப்பது என்று தட்டினான். சிவகிரிக் கல்யாணத்துக்குத் திரை வேறொருவரிடமிருந்து வந்தது.