கண்ணாடிப் பெட்டியில் ஓர் இடம்

குத்துச்சண்டைக்காரன் மாசிலாமணி ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை. இருபத்து நாலு வயதில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். அவன் ஞாபகமாகக் குத்துச்சண்டைச் சங்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். கஞ்சப் பயல்கள்! பெட்டியில் ஒரு கையுறைக்குத்தான் இடம் இருந்தது. இன்னொன்று குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

"அந்த இடம் எனக்குத்தான்," என்று வலது கையுறை எகிறியது. "அத்தனை பேரையும் சாய்ச்சது யாரு? நான்!"

"அடப் போடா! நான் முன்னால போய் அவனுங்களைத் திணறடிக்கலேன்னா உனக்கு ஏதுடா வழி? உழைச்சது நான், மாலை உனக்கா?" என்றது இடது.

"தோல்வியே காணாதவன்னு ஊரே பேசுது. அந்தப் பேரு என் குத்துல வந்ததுடா."

இடது சட்டென்று அடங்கிப்போனது.

"அந்தப் பேரை நீயே வச்சுக்க. பெட்டியையும் எடுத்துக்க. அவன் உசிரோட இருந்து, நாப்பது வயசுல எவன்கிட்டயாவது நல்லா உதை வாங்கி, மூக்குல வழியுற ரத்தத்தை என் மேல துடைச்சிருந்தா, எனக்கு அது போதும்டா."

வலது கெஞ்சுகிற குரலில் கேட்டது:

"ஏன்டா, ஒரு தடவையாவது என் மேல துடைச்சிருக்க மாட்டானா?"