பாதி தூரம்

பெட்ஷீட்டின் இரண்டு முனை என் கையில். மற்ற இரண்டும் புதுசு அக்கா கையில். டிரையரில் இருந்து வந்த சூடு இன்னும் போகவில்லை.

"உதறலாமா அக்கா?"

"மெல்ல, தங்கச்சி."

அவர் பேர் வேறே. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இஸ்திரிக்காரர் 'புதுசு' என்று கூப்பிட்டார். அதுவே ஒட்டிக்கொண்டது.

எங்கள் லாண்டரிக்கு ஆஸ்பத்திரித் துணிதான் வரும். பெட்ஷீட் மடிக்க ஜோடி ஜோடியாக நிற்போம். உதறி, நீளவாக்கில் மடித்து, ஆளுக்குப் பாதி தூரம் நடந்து நடுவில் சந்திக்க வேண்டும். ஒருத்தி முனைகளை வாங்கிக்கொள்வாள். இன்னொருத்தி குனிந்து, தொங்குகிற மடிப்பை எடுப்பாள். அடுத்த பெட்ஷீட்டுக்கு மற்றவள் குனிவாள். பழகிவிட்டால் காலும் கையும் தானாக ஓடும். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும்.

புதுசு அக்காவுக்கு அது பிடிபடவே இல்லை.

நடுவில் நிற்காமல் என் மூக்கு வரைக்கும் வந்துவிடுவார். யார் முறை என்று பார்க்காமல் அவரே குனிவார். பிறகு அவ்வளவு தூரமும் திரும்பி நடப்பார். பக்கத்து ஜோடி இரண்டு மடிப்பதற்குள் எங்களுக்கு ஒன்று முடிந்தால் பெரிசு.

"பாதி தூரம் வந்தா போதும்க்கா," என்று சொல்லிப் பார்த்தேன். வயசில் பெரியவரிடம் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சம்.

"மனசுக்குத் தெரியுது தங்கச்சி. கால்தான் கேக்க மாட்டேங்குது."

சரியென்று நடுவில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து வைத்தேன். அதையும் தாண்டி வந்தார்.

இஸ்திரிக்காரர் விடுவாரா? "மடிக்கச் சொன்னா ரெண்டு பேரும் தொட்டில் ஆட்டுறாங்கப்பா. பாத்து, உள்ள பிள்ளை முழிச்சுக்கப் போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். புதுசு அக்காவும் சிரித்தார். எனக்குத்தான் எரிச்சல். பிள்ளையைப் பெற்று மாமியாரிடம் விட்டுவிட்டு இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். இவரால் என் பேரும் கெட்டுவிடுமோ என்று பயம். வேறே ஜோடி கேட்கலாமென்றால் வாய் வரவில்லை.

நேற்று மேனேஜரே வந்து நின்று பார்த்தார்.

"இந்தப் பொண்ணு முன்னாடி நல்லா மடிச்சதுதான்," என்று அக்காவிடம் சொன்னார். "நீங்க வந்ததுல இருந்துதான் இங்க வேலை தேங்குது. உங்களுக்கு இது சரிப்படாதும்மா. சனிக்கிழமையோட நின்னுக்குங்க."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. "இதை விட்டா எனக்கு வேற போக்கு இல்ல சார்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "சரி, மின்னலோட ஒரு தடவை நில்லுங்க. பாத்துடலாம்."

மின்னல் என்றால் எங்களில் வேகக்காரி. அவளோடு ஜோடி நின்றவர்கள் யாரும் மூச்சு வாங்காமல் திரும்பியது கிடையாது. புதுசு அக்கா கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். பார்க்க மனசு வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

படார் என்று உதறுகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் நடுவில் சந்தித்தார்கள். மின்னல் குனிந்தாள். அடுத்ததற்கு அக்கா குனிந்தார். அக்காவின் கால் ஒவ்வொரு தடவையும் நான் கிழித்த கோட்டில் வந்து நின்றது. ஒரு விரல்கூடத் தாண்டவில்லை. மூச்சு வாங்கியது மின்னலுக்குத்தான்.

இஸ்திரிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, துணி கருகுது," என்றாள் மின்னல்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். "இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு?" கேட்டுவிட்டு, கண்ணை மெதுவாக என் பக்கம் திருப்பினார்.

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது. தெரிந்தால் வீட்டோடு இரு என்று சொல்லிவிடுவார்களே என்று இங்கே ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா முந்திக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துதான் சார் வந்துச்சு. இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு. எனக்கு இந்தப் பொண்ணு கூட நின்னாதான் பயமில்லாம இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விடுங்க, வேகம் தானா வந்துடும்."

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பரவாயில்லையே. சொல்லிக் குடுக்கவும் வருது உனக்கு."

அவர் போனதும் குரலை அடக்கிக் கேட்டேன். "கால் கேக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்களே அக்கா?"

"என் காலுக்கு என்ன, நல்லாத்தான் கேக்கும்." மடித்த துணியை நீவிக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு தடவை உதறினதும் உன் கைதான் வயித்துக்குப் போவுது."

அப்போதும் என் கை அங்கேதான் இருந்தது.

இன்றைக்கும் அதே இடம், அதே கோடு. இவரும் எத்தனை நாளைக்குத்தான் என் பாதியையும் சேர்த்து நடப்பார்? இன்றைக்கு நானே கோடு வரைக்கும் போய்விடுவது என்று முனைகளைப் பிடித்தபடி ஒரு அடி எடுத்து வைத்தேன். தையல் இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும், இன்னும் ஒரே ஒரு அடி வைத்துவிட்டால்...

"தங்கச்சி, அங்கேயே நில்லு. நான் வர்றேன்."