நீல சீரியல் செட்

அந்த வீட்டுக்கு மூச்சு கொடுப்பது பாசிதான். அறைக்கு அறை சுவரில் கண்ணாடித் தொட்டி. எல்லாவற்றையும் இணைக்க ஒரே குழாய். சிவப்பு வெளிச்சத்திலும் பாசி வளரும். ஆனால் நீலம் எங்கே எரிகிறதோ, அங்கேதான் நீந்திப் போகும். அதனால் நுரையீரல் பழுதாகிப் படுத்திருந்த இசக்கியப்பனின் பின்னறையில் மட்டும் ஒரு சின்ன நீல விளக்கு.

மகள் முத்துக்கனிக்கு நிச்சயதார்த்தம். "சீரியல் செட் போடாம என்ன விசேஷ வீடு? அவளுக்குப் பிடிச்ச நீலத்துலயே போடுங்க" என்றார் அவர். மனைவி பேச்சியம்மாள் தயங்கினாள்.

"மூச்சு முட்டுனா தலைமாட்டு மணிய அமுக்குதேன். நீ போய் வந்தவுகளைக் கவனி."

கூடமெங்கும் நீலம் மின்னியது. கூடத்துத் தொட்டி கரும்பச்சையாகத் திரண்டது. "என்ன செழிப்பு!" என்றார்கள் சம்பந்தி வீட்டார்.

தட்டு மாற்றி முடித்ததும் ஆசீர்வாதம் வாங்க முத்துக்கனி பின்னறைக்கு ஓடினாள். அப்பாவின் தொட்டி வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது.

"மணி அடிக்கலியே, நல்லாத்தான் இருக்காகன்னு இருந்துட்டேனே!" என்று பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

முத்துக்கனி அப்பாவின் மூடிய கையைப் பிரித்தாள். உள்ளங்கையில் மணியின் பேட்டரி இருந்தது.