எட்டாவது ஆள்

சூப்பர்வைசர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சாப்பாட்டு அறைக்குள் வந்தார். அதைக் கொடுத்துவிட்டால் நத்தைக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

நத்தை என்பது பேக்கிங் பிரிவுப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். சாப்பாட்டு நேரம் ஒரு மணியிலிருந்து இருபது நிமிஷம். இந்த மகராசிக்கு மட்டும் முப்பது ஆகும். பெல்ட்டில் எட்டு இடம். எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தால்தான் ஓட்ட முடியும். பத்து நாளாக டார்கெட் தேறவில்லை. மேனேஜர் சூப்பர்வைசரின் தலையைப் போட்டு உருட்டுகிறார்.

இவரோ நின்ற வாக்கில் நாலு நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வேலை பார்க்கிற ஆசாமி. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"ஏம்மா, மணி என்ன?"

"ஒண்ணு இருபத்தஞ்சு சார்."

"நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு சொல்வாங்க. நீ என்ன, இருநூறுக்குப் பார்க்கறியா?"

கை கழுவிவிட்டு வாசலில் காத்து நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் தலை நிமிராமல் மென்றாள். சூப்பர்வைசர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உன் கை வேகத்துக்கு இந்தப் பிரிவுல ஆளே இல்லை. வாய் மட்டும் ஏம்மா இப்படி? உன்மேல புகார் எழுதிக் குடுத்திருக்காங்க, தெரியுமா? முதல் கையெழுத்தே உங்க பெல்ட்டுப் பெரியக்காவோடது. வாயே திறக்காத அவங்களே எழுதியிருக்காங்கன்னா பாரேன்."

"தெரியும் சார்."

அப்போதுதான் அவள் டப்பா அவர் கண்ணில் பட்டது. துடைத்து வைத்த மாதிரி காலி.

"டப்பாவுல ஒண்ணுமில்லை. வாயில என்னத்தை மெல்றே?"

மெல்லுவது நின்றது.

"ஒண்ணுமில்லை சார்."

"என்னைப் பார்த்தா கேனயன் மாதிரி தெரியுதா?"

"மெதுவாப் பேசுங்க சார். திரும்பாதீங்க. உங்களுக்குப் பின்னாடி மூலையில, சுவரைப் பார்த்து உக்காந்திருக்கறது யாரு?"

வரும்போதே பார்த்திருந்தார். "பெரியக்கா."

"போன மாசம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு லீவு போட்டாங்கல்ல? அது வயித்துல ஆபரேஷன் சார். ஒவ்வொரு வாயும் தண்ணியாகிற வரைக்கும் மென்னுதான் சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவசரப்பட்டா அப்படியே வெளியே வந்துடுமாம். பாத்ரூம்ல வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொல்லி அழுதாங்க. பக்கத்துத் தடுப்புல நான் இருந்தது அவங்களுக்குத் தெரியாது. விஷயம் வெளியே வந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயந்து சாகறாங்க."

"அந்தம்மாவா உன்மேல எழுதிக் குடுத்தது?"

"எல்லாரும் என்னையே பார்த்துட்டிருந்தா அவங்களை யாரும் பார்க்க மாட்டாங்கல்ல. பயம் வந்துட்டா மனுஷன் என்னதான் செய்ய மாட்டான் சார்? எனக்கு அவங்க மேல கோபமெல்லாம் இல்லை."

சூப்பர்வைசருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடிதம் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டு எழுந்தார்.

"போயிடாதீங்க சார்," என்றாள் அவள் தணிந்த குரலில். "அவங்களுக்கு இன்னும் நாலு வாய் இருக்கும். அது வரைக்கும் என்னைக் கொஞ்சம் சத்தமாத் திட்டிட்டிருங்க."