நகராத கிடா

“கொட்டகைக்குப் பின்னாடி மட்டும் போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

பண்ணைக்காரர் வெர்லின், கவிழ்த்துப் போட்ட பால் வாளியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சவரம் செய்யாத முகம். மடியில் வேட்டை வில்.

ஜோலீன் ஆன்டெனாவைத் தாழ்த்தினாள். தோள் விட்டுப்போனது. இந்த இலையுதிர்காலம் முழுக்க விஸ்கான்சின் சோளக்காடுகளில் வெள்ளைவால் மான்களின் பின்னால் அலைந்ததில் பூட்ஸ்கூட வாய் பிளந்துவிட்டது. அவள் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய ஆண்மான் கிடாக்களில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் போனால் ஆராய்ச்சியை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“என் கிடா அங்கதான் இருக்கு, வெர்லின். பட்டையோட சிக்னல் அங்கேருந்துதான் வருது.”

“வரட்டுமே.”

“முந்தாநாள்லேருந்து அதே இடம். இது இணைசேருற பருவம். கிடா சாப்பிடாது, தூங்காது, பொண்ணு தேடி ஓடிட்டே இருக்கும். ஒரே இடத்துல கிடக்குதுன்னா...”

“செத்துப்போச்சுங்கிற. நான் கொன்னுட்டேங்கிற.”

“பட்டை போட்டதை அடிக்க மாட்டேன்னு நீங்கதான் வாக்குக் கொடுத்தீங்க.”

“கொடுத்தேன்.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வாசனைப் புட்டியை ஊத்தினது தப்புதான். வேற ஏதாவது கிடா வரும்னு நினைச்சேன்.”

கிடாக்களை இழுக்கும் பெண்மான் மூத்திரம். ஊரில் எந்த வேட்டைக் கடையிலும் கிடைக்கும். ஜோலீனுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

“பட்டையையாவது கொடுங்க. நான் போயிடறேன்.”

வெர்லின் அவளையே பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்கோ. வா. சத்தம் மட்டும் போடாத.”

கொட்டகை மூலையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

வெர்லின் அம்பு விட்டுப் பழகும் ரப்பர் பெண்மானை உரசிக்கொண்டு, விலா தெரிய, கிடா நின்றிருந்தது. கழுத்தில் பட்டை. ரப்பர் காதை மெல்ல நக்கியது.

“பொம்மையைத் தூக்கலாம்னு போனா கொம்பால குத்த வர்றான். விட்டுட்டுப் போனா எவனாவது வந்து அடிச்சிடுவான்,” வெர்லின் கிசுகிசுத்தார். “ரெண்டு நாளா நானும் வீட்டுக்குப் போகல. அது ரப்பர்னு நீயாவது அவன்கிட்ட சொல்லித் தொலையேன்மா!”